ரூபாய் விழுந்த வருஷம்

நாடு இருட்டில் கிடந்த அந்தச் சித்திரையில்
என் வீட்டில் மட்டும் காசு ஏறியது.
சொல்ல வெட்கமாய்த்தான் இருக்கிறது.

தொண்ணூறு தினார்.
போன வருஷமும் தொண்ணூறு, அதற்கு முந்தியும் தொண்ணூறு.
குவைத்தில் ஒரு மூன்று மாடி வீட்டில்
பெலிசிற்றா தேய்க்கும் சட்டைகள் கூடினவே தவிர
சம்பளம் அசையவில்லை.
இங்கேதான் அசைந்தது.
மாசியில் அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு,
வைகாசியில் ஒரு லட்சத்தைத் தாண்டிற்று.
அதே கை, அதே சவர்க்காரம்.

ஜம்பட்டா வீதி நகைக்கடையின் பின்கதவில்
உண்டியல் காசு எண்ணித் தரும் நிஸ்தார்
"உங்களுக்கென்ன அண்ணே" என்றான்.
வாயைத் திறக்காமல் சிரித்தேன்.

காலையில் பல் தீட்டுமுன் ரேட் பார்ப்பேன்.
பக்கத்து வீட்டு லலந்த
வெறும் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசைக்குப் போவான்.
காகிதம் இல்லையென்று அவன் அச்சகம் பூட்டியாயிற்று.
நான் போன் வெளிச்சத்தில் அந்த எண்ணைப் பார்த்து
இன்னும் கொஞ்சம் விழு, என்பேன்,
மனதுக்குள், மாதாவுக்கும் கேட்காமல்.
விழுவது லலந்தவின் வீடு,
அவன் பிள்ளையின் பால்மா.
தெரிந்துதான் சொன்னேன்.

அவள் போகும்போது அனொஷ்காவுக்கு
ஐந்து வயதும் ஒரு நாளும்.
ஐந்துக்குக் கீழே பிள்ளை இருந்தால் தாயை விடமாட்டார்கள்.
கேக் வெட்டினோம்,
மறுநாள் ஏஜென்சி வாசலில் நின்றோம்.
பிள்ளையை யார் பார்ப்பது என்று படிவத்தில் ஒரு கட்டம்.
என் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஒப்பம்.
தலை பின்னத் தெரியுமா என்று அதில் கேட்கவில்லை.
நாலு வருஷம் ஒட்ட வெட்டியே அனுப்பினேன்.

பிறகு அவள் வளர்ப்பேன் என்றாள். வளர்த்தாள்.
பெற்றோல் வரிசையில் இரண்டு பகல், ஒரு இரவு
ஆட்டோ ஹாண்டிலில் நைலோன் கயிறு மூன்று முடிந்து
பின்னிப் பின்னி அவிழ்த்தேன்.
முன்னால் நின்றவன் முதலில் சிரித்தான்.
பிறகு கிட்ட வந்து,
நடு இழையை எந்தப் பக்கம் எடுக்கிறாய் என்று கேட்டான்.

கரண்ட் இல்லாத ஒரு இரவில்
கணக்குக் கொப்பியை மெழுகுதிரிக்கு நகர்த்தி அனொஷ்கா சொன்னாள்:
காசு ரெண்டு மடங்கென்றால்
அம்மா பாதி நாளில வரலாம்தானே அப்பா?

கணக்குச் சரி.
நான் பதில் சொல்லவில்லை.
அன்று பின்னேரம்தான் பெலிசிற்றாவிடம் சொல்லியிருந்தேன்,
ஆவணியில் முடியும் ஒப்பந்தத்தை
இன்னும் ரெண்டு வருஷம் நீட்டு,
இந்த ரேட்டை விடக்கூடாது,
மேல்மாடி ஸ்லாப் போட்டுவிடலாம்.
மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம்.
"நான் மலிவாப் போகப் போக
அங்க விலை கூடுறன் என்ன?" என்றாள்.
கோபமா பகிடியா என்று தெரியவில்லை.
நீட்டினாள்.

ஸ்லாப் போடவில்லை.
சீமெந்தும் தினாரோடு சேர்ந்தே ஏறியது.
பிறகு தினார் இறங்கியது, சீமெந்து இறங்கவில்லை.
எட்டுத் தூணின் கம்பிகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன,
முனைகளில் கவிழ்த்த சோடாப் போத்தல்கள்.
முகத்துவாரத்துக் காற்றுக்கு அவை ஊதுகின்றன.
ரேட் பார்ப்பதை நான் நிறுத்தவில்லை.

போன கிழமை லலந்தவின் மனைவி ஓமானுக்குப் போனாள்.
இன்று விடியக்காலை அவன் கதவைத் தட்டினான்.
ஒரு கையில் சீப்பு,
மறுகையில் வெள்ளைச் சீருடையில் மகள்,
முடி முழுக்க அவிழ்ந்து.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில்
உட்காரச் சொன்னேன்.
அனொஷ்கா என்னை முந்திக்கொண்டு
சீப்பை வாங்கினாள்.
நான் ஆட்டோவுக்குப் போய்
ஹாண்டிலில் கிடந்த கயிற்றை அவிழ்த்து வந்து
அவன் மடியில் போட்டேன்.